‘நார்மல்’ என்னும் மூலைமட்டம்

மருத்துவமனை வளாகத்தில் ஒரு நாளில் மிகுதியாக ஒலிக்கும் ஆங்கிலச் சொல் எது என்று எவரேனும் எண்ணிப் பார்த்தால், ‘நார்மல்’ என்பதே முதலிடம் பெறும் என்று நாங்கள் கருதுகிறோம். சுகர் நார்மல், பிரஷர் நார்மல், ஈசிஜி நார்மல், ஸ்கேன் நார்மல், நார்மல் டெலிவரி, நார்மல் வார்டு, நார்மல் சாப்பாடு என்று அது நுழையாத இடமில்லை. உள்ளே மருத்துவர் அந்த ஒரு சொல்லை உதிர்த்த மறுநிமிடம், வெளியே வராந்தாவில் நிற்கும் மகன் கைப்பேசியை எடுத்து, “எல்லாம் நார்மல்னு டாக்டர் சொல்லிட்டாவ” என்று ஊருக்குச் சேதி சொல்லிவிடுகிறார். சென்னையிலும் துபாயிலும் இருக்கும் உறவினர்கள் பெருமூச்சு விடுகின்றனர்.

அந்தப் பெருமூச்சை நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும், அந்தச் சொல் ஆறுதல் தரும் அளவிற்குத் தகவல் தருவதில்லை என்பது எங்கள் கருத்து. சில வேளைகளில் அது தகவலை மறைக்கவும் செய்கிறது. நோயாளியும் அவரைப் பேணுவோரும் அச்சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், அதற்குப் பின்னால் என்ன எண் இருக்கிறது, அது யாருக்குப் பொருந்தும் எண், எதைச் சோதித்துக் கிடைத்த எண் என்று கேட்டறிவது நல்லது. ஏன் என்பதை விளக்க, அந்தச் சொல்லின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

இலத்தீன் மொழியில் ‘நார்மா’ என்றால் தச்சர் கையிலிருக்கும் மூலைமட்டம். மரச்சட்டம் இரண்டு செங்கோணத்தில் சேர்கின்றனவா என்று வைத்துப் பார்க்கும் அந்த எளிய கருவிதான். களக்காட்டில் கதவுநிலை செய்யும் தச்சரும், சுவர் எழுப்பும் கொத்தனாரும் இன்றும் அதனைக் கையாள்கின்றனர். சத்தியவாகீசுவரர் கோயில் கோபுரத்தைக் கட்டியெழுப்பிய சிற்பிகளும் அத்தகையதொரு கருவி இல்லாமல் கல்லைச் செதுக்கியிருக்க இயலாது. மூலைமட்டத்திற்குப் பொருந்தியது ‘நார்மாலிஸ்’. அதிலிருந்து வந்த ‘நார்மல்’, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் செங்குத்தானது என்ற பொருளையே தந்தது. கணிதப் பாடத்தில் ஒரு தளத்திற்குச் செங்குத்தாக வரையும் கோட்டிற்கு இன்றளவும் அதுவே பெயர். மிகப் பெரியது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘எனார்மஸ்’ என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பே; மட்டத்தை மீறியது என்பது அதன் மூலப்பொருள். நம் முன்னோர் காலத்துச் சென்னை மாகாணத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை ‘நார்மல் ஸ்கூல்’ என்று அழைத்தனர். அங்கே படித்தவர்கள் இயல்பானவர்கள், பிறர் அல்லர் என்று அதற்குப் பொருளன்று. கற்பித்தலுக்கான முன்மாதிரி விதிகளைச் சொல்லித் தரும் பள்ளி என்பதே பொருள்.

வழக்கமானது, பெரும்பாலோரிடம் காணப்படுவது என்ற இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. பெல்ஜியம் நாட்டு வானியலாளர் அடால்ப் கெத்தலே 1835இல் வெளியிட்ட நூலில் ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை முன்வைத்தார். பல்லாயிரம் மனிதரின் உயரம், எடை முதலியவற்றை அளந்தால் அவை ஒரு நடுப்புள்ளியைச் சுற்றிக் குவியும் என்று காட்டியதோடு அவர் நிற்கவில்லை. அந்த நடுப்புள்ளியையே மனிதன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான இலக்காகவும் கருதினார். குழப்பம் இங்கேதான் தொடங்கியது என்பது எங்கள் எண்ணம். ‘பெரும்பாலோர் இப்படி இருக்கிறார்கள்’ என்பது ஒரு செய்தி. ‘எல்லோரும் இப்படி இருக்க வேண்டும்’ என்பது ஒரு கட்டளை. ஒரே சொல் இரண்டையும் சுமக்கத் தொடங்கியபின், எந்தப் பொருளில் அது சொல்லப்படுகிறது என்பது சொல்பவருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை, கேட்பவருக்கும் தெரிவதில்லை.

தமிழில் இதற்கு நாம் ‘இயல்பு’ என்கிறோம். நம் இலக்கண ஆசிரியர்கள் அச்சொல்லை எவ்வளவு நிதானமாகக் கையாண்டார்கள் என்பது வியப்பிற்குரியது. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆனால் அது இயல்பு புணர்ச்சி. வாழையும் பழமும் சேர்கையில் இடையே ஓர் எழுத்துத் தோன்றி வாழைப்பழம் ஆகிறது. மரமும் வேரும் சேர்கையில் ஓர் எழுத்துக் கெட்டு மரவேர் ஆகிறது. இவை விகாரப் புணர்ச்சி. விகாரம் என்றவுடன் நாம் முகம் சுளிக்கிறோம். இலக்கணத்தில் அதற்கு மாற்றம் என்பதற்கு மேல் பொருளில்லை. களக்காட்டு வாழைப்பழத்தை யாரும் இயல்பு கெட்ட சொல் என்று ஒதுக்கியதில்லை.

இனி, உடம்பிற்கு வருவோம். உடலின் இயல்பான வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37 டிகிரி செல்சியஸ் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இந்த எண்ணை நிலைநாட்டியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிக். ஏறத்தாழ 25,000 பேரின் அக்குளில் வெப்பமானி வைத்துத் திரட்டிய அளவுகளைக் கொண்டு 1868இல் அவர் நூல் எழுதினார். பெரும் உழைப்பு அது. ஆனால், 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உடல்நலமுள்ள 148 பேரிடம் வாய்வழி அளந்தபோது சராசரி 98.2 டிகிரிதான் வந்தது. அதைவிட முக்கியமாக, ஒரே மனிதரின் வெப்பம் விடியற்காலையில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. மாலை ஐந்து மணிக்கு 99 என்று காட்டியதைக் கண்டு இரவோடிரவாக ஆட்டோ பிடித்து வரும் பெற்றோர் உண்டு. மறுபுறம், முதிர்ந்த வயதினருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் கடுமையான தொற்று இருக்கும்போதும் வெப்பமானி 98 என்றே காட்டக்கூடும். முதல் வகையினர் தேவையின்றி அஞ்சுகின்றனர். இரண்டாம் வகையினரின் வீட்டார் அஞ்ச வேண்டிய நேரத்தில் அஞ்சாதிருக்கின்றனர். எங்களைக் கேட்டால், இரண்டாவதே கவலைக்குரியது. உண்ணாமல், பேச்சுக் குழறி, சோர்ந்து கிடக்கும் எண்பது வயதுப் பாட்டிக்குக் காய்ச்சல் இல்லை என்பது வீட்டிலேயே வைத்துக்கொள்வதற்கான காரணம் ஆகாது.

ஆய்வகச் சீட்டில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியில் ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான பரிசோதனைகளுக்கு அந்த வரம்பு எப்படி வருகிறது என்று அறிந்தால் பல இரவுகள் நிம்மதியாக உறங்கலாம். உடல்நலமுள்ளோர் பலரைச் சோதித்து, அவர்களுள் நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரின் அளவுகளை வரம்பாகக் கொள்கின்றனர். அதாவது, நலமாக இருக்கும் நூறு பேரில் ஐந்து பேர் அந்த வரம்பிற்கு வெளியே நிற்பார்கள் என்பது வரம்பிலேயே அடங்கியுள்ளது. ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஒரு நலமான மனிதருக்குச் செய்தால், ஒன்றாவது வரம்பு மீறிக் காட்ட 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இது எளிய கணக்கு. ‘மாஸ்டர் செக்கப்’ செய்துகொண்டு, தடித்த எழுத்தில் ‘எச்’ என்றோ ‘எல்’ என்றோ ஓர் அடையாளத்தைக் கண்டு கலங்கி வருவோரிடம் இந்தக் கணக்கைத்தான் நாங்கள் முதலில் சொல்கிறோம். மீறல் எவ்வளவு, எதில், வேறு அறிகுறி உண்டா என்பவற்றைப் பொறுத்தே அதற்குப் பொருள். (சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றின் எல்லைகள் இப்படிக் கணக்கிடப்படுவதில்லை. எந்த அளவிற்கு மேல் கேடு மிகுகிறது என்பதைக் கொண்டு வல்லுநர்கள் வகுத்தவை அவை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 140ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்றிருந்ததை 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 126 ஆகக் குறைத்தது. முதல் நாள் நோயாளி அல்லாத பலர் மறுநாள் நோயாளி ஆயினர். அவர்களின் உடம்பில் ஓர் இரவில் எதுவும் மாறிவிடவில்லை.)

எச், எல் என்ற அடையாளம் எதுவும் இல்லாத சீட்டைப் பற்றித்தான் நாங்கள் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். கிரியேட்டினின் என்ற பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை மறைமுகமாகக் காட்டும் எண் அது. கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவருக்கும், எழுபத்தைந்து வயது அம்மையார் ஒருவருக்கும் அது 1.1 என்றே வருகிறது என்று கொள்வோம். பல ஆய்வகச் சீட்டுகளில் அது வரம்பிற்குள் இருக்கும் எண். இன்று வழக்கிலுள்ள வாய்பாட்டில் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இளைஞரின் சிறுநீரக வடிகட்டும் திறன் 95 என்று வரும். அம்மையாருக்கு 52 தான் வரும். தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் குறைவாகவே உண்டாகும். ஆகவே சிறுநீரகம் பாதி அளவு தளர்ந்த பின்னும் அந்த எண் அடக்கமாகவே நிற்கிறது.

இது ஏட்டளவிலான நுணுக்கம் அன்று. வயலிலும் தோட்டத்திலும் ஆண்டுக்கணக்கில் குனிந்து நிமிர்ந்த நம் ஊர்ப் பெண்களுக்கு அறுபது வயதில் முழங்கால் தேய்ந்து வலிக்கிறது. மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் வலிநிவாரணி மாத்திரை இரண்டு வாரம், பிறகு இரண்டு மாதம், பிறகு நாள்தோறும் என்று ஆகிவிடுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த ஒருவருக்கு அந்த மாத்திரைகளுள் பல கேடு செய்பவை. “போன மாசம் ரத்தம் பாத்தோம், கிட்னி நார்மல்” என்ற சொல் அந்த மாத்திரைக்கு உரிமச் சீட்டாகி விடுகிறது. அந்தக் குடும்பத்தார் கேட்டிருக்க வேண்டியது, “அம்மாவின் வயதுக்கு இந்த எண் சரியா?” என்ற ஒரு கேள்வியைத்தான். எந்த மருத்துவரும் அரை நிமிடத்தில் கணக்கிட்டுச் சொல்லிவிடக்கூடியது அது.

யாருடைய நார்மல் என்ற கேள்வி எடைக்கும் பொருந்தும். உயரத்திற்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கில் 25 வரை இயல்பு என்பது உலக வழக்கு. அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நம்மவர் உடம்பில் கொழுப்பு மிகுதி என்றும், நீரிழிவும் இதயநோயும் குறைந்த எடையிலேயே தொடங்கிவிடுகின்றன என்றும் கண்டு, இந்தியருக்கு 23ஐத் தாண்டினாலே மிகை எடை என்று நம் நாட்டு வல்லுநர்கள் வகுத்தனர். 165 செ.மீ. உயரமும் 65 கிலோ எடையும் உடைய ஒருவர் லண்டன் அட்டவணையில் இயல்பானவர். நம் அட்டவணையில் வயிற்றைக் கவனிக்க வேண்டியவர்.

அடுத்தது, நாங்கள் வாரந்தோறும் காணும் துயரம். இரத்த அழுத்தம் 180 என்று வந்தவருக்கு மாத்திரை தொடங்குகிறோம். மூன்று மாதத்தில் 130க்கு இறங்குகிறது. “நார்மல் ஆயிட்டு, இனி எதுக்கு மாத்திரை?” என்று அவரே நிறுத்திவிடுகிறார். வலிப்பு நோய்க்கும், தைராய்டிற்கும், நீரிழிவிற்கும் இதே கதை. மடையை அடைத்ததனால் வயலில் நீர் நிற்கிறது. நீர்தான் நிற்கிறதே, மடை எதற்கு என்று திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஓர் உழவருக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே, மருந்தின் துணையோடு வந்த எண்ணை நார்மல் என்று சொல்லாமல், ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்றே சொல்ல வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம். ஒரு சொல்லை மாற்றுவதால் பக்கவாதம் தடுக்கப்படுமா என்று நகைப்போர் உண்டு. மாத்திரையை நிறுத்தியபின் கைகால் விழுந்து வந்தவர்களின் வீட்டாரைக் கேட்டால் நகைக்க மாட்டார்கள்.

ஈசிஜி பற்றியும் சொல்லியாக வேண்டும். அது எடுத்த அந்தச் சில நொடிகளில் இதயத்தில் ஓடும் மின்னோட்டத்தின் படம். மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் ஈசிஜி மாறுதல் எதுவும் இன்றி வருவது உண்டு. இரத்தத்தில் டிரோபோனின் ஏறுவதற்கும் சில மணி நேரம் ஆகும். எனவேதான் நெஞ்சுவலியோடு வந்தவரை, முதல் படம் சரியாக இருந்தும், இருக்கச் சொல்லி மீண்டும் மீண்டும் எடுக்கிறோம். “நார்மல்னு சொல்லிட்டு ஏன் பிடிச்சி வச்சிருக்காவ, பில்லு ஏத்தவா?” என்று சிலர் கையெழுத்திட்டுவிட்டுப் புறப்படுகின்றனர். களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவமனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இரவு இரண்டு மணிக்கு வீட்டில் வலி திரும்பினால், 108 வண்டி வந்து சேர்ந்து, அங்கே போய்ச் சேரும்வரை கழியும் நேரம் இதயத்தசையின் நேரம்.

பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் நோய் தீராதவர்களும் உளர். மாதக்கணக்கில் அசதி, உடம்பெல்லாம் வலி, உறக்கமின்மை. ஸ்கேன் நார்மல், இரத்தம் நார்மல். அதோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடுகிறது: “ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லியாச்சு, சும்மா நடிக்கா.” பெரும்பாலும் மருமகளைப் பற்றியதாகவே இருக்கும் இந்தப் பேச்சு. தேடிய நோய்கள் இல்லை என்பதுதான் அந்தச் சீட்டு தரும் செய்தி. நோவு இல்லை என்று அது சொல்லவில்லை. சொல்லும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஒற்றைத் தலைவலிக்கு இன்றுவரை இரத்தப் பரிசோதனை கிடையாது. மனச்சோர்வு நோய்க்கும் கிடையாது. இரண்டும் மெய்யான நோய்கள். இரண்டிற்கும் மருத்துவம் உண்டு. உடன் வருவோர் இந்த இடத்தில் நோயாளியின் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பிள்ளைப்பேற்றைப் பற்றி ஒரு சொல். நார்மல் டெலிவரி என்ற பெயரே அறுவையில் பெற்றவளைக் குறையுடையவள் ஆக்கிவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுப் பேறுகள் அறுவை மூலம் நிகழ்ந்தன. அந்த எண்ணிக்கை மிகுதி என்பதிலும் அதைக் குறைக்க வேண்டும் என்பதிலும் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அது மருத்துவத் துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி. தையல் ஆறாமல் படுத்திருப்பவளிடம், “உனக்கு நார்மல் இல்லையாமே” என்று துக்கம் விசாரிப்பது என்ன வழக்கமோ, எங்களுக்கு விளங்கவில்லை. சுகப்பிரசவம் என்ற நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் இருக்கிறது. தாயும் சேயும் சுகமாக இருந்தால் அது சுகப்பிரசவம் என்று நாங்கள் பொருள்கொள்கிறோம், சொல்லாராய்ச்சியாளர்கள் பொறுத்தருள்க.

இடையில் ஒரு வேடிக்கை. உங்கள் கையில் ஏற்றும் பாட்டிலின்மேல் ‘நார்மல் சலைன்’ என்றிருக்கும். அதில் லிட்டருக்குச் சோடியமும் குளோரைடும் 154 அலகு வீதம் உள்ளன. நம் இரத்தத்தில் சோடியம் 140ஐ ஒட்டியும் குளோரைடு 100ஐச் சற்றே தாண்டியும் இருப்பதே வழக்கம். நூறாண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயரோடு உலவும் அந்த நீர் இரத்தத்தைவிட உப்பானது. பயனுள்ள மருந்துதான், பெயர்தான் பொருந்தவில்லை. அசதிக்கு ஒரு பாட்டில் ஏற்றச் சொல்வோர் இதையும் நினைவில் வைக்கலாம்.

பக்கவாதம் வந்தவரின் மனைவி எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, “பழையபடி நார்மல் ஆயிருவாவளா?” என்பது. இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. பிரெஞ்சு மருத்துவரும் மெய்யியலாளருமான ஜார்ஜ் கங்கியேம் 1943இல் அளித்த ஆய்வேட்டில் இதைப் பற்றிச் சிந்தித்தார். நலம் என்பது பழைய அளவிற்குத் திரும்புவதன்று, மாறிய நிலைமைக்கு ஏற்பப் புதிய அளவொன்றை வகுத்துக்கொள்ளும் ஆற்றலே நலம் என்பது அவருடைய கருத்தின் சாரம். வலக்கை முழுதும் திரும்பாத ஒருவர் இடக்கையால் உண்ணவும், சட்டைப் பொத்தான் போடவும், வாழைநாரில் முடிச்சிடவும் பழகிக்கொள்கிறார். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் அவர் கோணல்தான். அவர் தோட்டத்திற்கு மீண்டும் போய்வரத் தொடங்கியிருப்பார் என்பதை மூலைமட்டம் காட்டாது. ஆகவே அந்த அம்மையாரிடம் நாங்கள், எது திரும்பும், எது திரும்பாது, எதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்கிறோம். சற்று நேரம் எடுக்கும் பேச்சு அது. அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உலகத்தார் எல்லோருக்குமான வரம்பைவிட நம்பத்தக்க ஓர் அளவு உண்டு. அது உங்களுடைய பழைய எண். கிரியேட்டினின் ஐந்தாண்டுக்கு முன் 0.6, மூன்றாண்டுக்கு முன் 0.8, இன்று 1.1 என்றால், மூன்று சீட்டிலும் எந்த அடையாளமும் இருக்காது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சரிவு தெரியும். ஈமோகுளோபினுக்கும் எடைக்கும்கூட இது பொருந்தும். எனவே பழைய சீட்டுகளை அடுப்பெரிக்கப் போட்டுவிடாமல், தேதி வரிசையில் ஒரு பையில் இட்டு, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். எந்த மருத்துவமனையில் எடுத்ததாயினும் கொண்டு வரலாம். எங்களுக்கு மனத்தாங்கல் ஏற்படும் என்று தயங்க வேண்டாம். ஈசிஜி அச்சாகும் தாள் வெப்பத்தில் எழுத்துப் பதியும் வகையைச் சேர்ந்தது; வெயிலிலும் நெகிழிப் பையிலும் இருந்தால் சில ஆண்டுகளில் வெற்றுத்தாள் ஆகிவிடும். அதை மட்டும் எடுத்த அன்றே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.